பூட்டிய கதவும் ஆமைத் துண்டும்

அன்பு மகள் இலாரியாவுக்கு அம்மா எழுதுவது. நான் இங்கே சுகம், நீ அங்கே சுகமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் நீ இளைத்திருக்கிறாய், முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டாய், இருமுகிறாய் என்பதையெல்லாம் சியென்னா ஊரே எனக்குச் சொல்லிவிட்டது. பெற்றவளைத் தவிர எல்லாரும் உன்னைப் பார்த்திருக்கிறார்கள். குதிரைப் பந்தயம் முடிந்ததிலிருந்து தினமும் போன் பண்ணுகிறேன், நீ எடுப்பதாக இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கிழித்துப் போடுவதானாலும் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

மெல்போர்னிலிருந்து இத்தனை கடல் தாண்டி, தனியாக, மூன்று நாள் சுற்றுலா வந்தாயாம். எங்கே? பிறந்த ஊருக்கு. ஸ்டேஷன் பக்கத்து ஓட்டலில் அறை, முதுகில் பை, கையில் தண்ணீர் பாட்டில். பேட்டைக்குப் பேட்டை குதிரை விடும் பந்தயத்தன்று காலையில், நான் பிறந்த நத்தைப் பேட்டையின் பொதுச் சமையல்கட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறேன், நெட்டா வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். உனக்குத்தான் அவளைத் தெரியுமே, நல்ல செய்தி என்றால் அவளுக்கு நாக்கு எழும்பாது. "ஏண்டி லோரியானா, உன் மக நேத்து மைதானத்துல வெளியூர்க் கூட்டத்தோட நின்னாளே, எதிரி ஆமைப் பேட்டைத் துண்டைக் கழுத்துல கட்டிக்கிட்டு! நம்ம பேட்டைக் குழாயடியில ஞானஸ்நானம் பண்ணின பொண்ணுதானே அது? இல்ல எனக்குத்தான் கண்ணு போயிடுச்சா?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். கையில் வைத்திருந்தால் யாரையாவது குத்தியிருப்பேன். துண்டுக்காக இல்லையடி. என் மகள் ஊரில் இருக்கிறாள், அதை நெட்டா எனக்குச் சொல்கிறாள் என்பதற்காக.

அப்படியே கிளம்பி நம் வீடு இருக்கும் தெருவுக்குப் போனேன். கழுத்தில் நத்தைத் துண்டோடு, பந்தயத்தன்று, உன் அப்பாவின் ஆமைப் பேட்டைக்குள்! கல்யாணமான நாளிலிருந்து, பந்தயம் நடக்கும் நான்கு நாளும் உன் அப்பாவோடு கோபித்துக்கொண்டு பிறந்த பேட்டைக்குப் போய்விடுவேன், அங்கே கால் வைத்ததில்லை. முதல் நாள் விருந்து மேஜைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மேஜைகளை அப்படியே போட்டுவிட்டு நிமிர்ந்தார்கள். கீழ்வீட்டு புரூனேரோதான் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, உட்காருங்க அண்ணி என்றார். அவர்கள் திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பேன், மனசு ஆறியிருக்கும். யாரும் திட்டவில்லை. என் பொண்ணு எங்கே என்றேன். விடிகாலையிலேயே பிளாரன்ஸ் பஸ் ஏறிவிட்டது என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "அண்ணி, புள்ள ரெண்டு தடவ உங்க கதவைத் தட்டுச்சு. அப்பாதான் இல்லையே, அம்மா யார்கிட்ட கோவிச்சுக்கிட்டுப் பொறந்த பேட்டைக்குப் போகப் போறா, வீட்டுலதான் இருப்பான்னு சொல்லுச்சு. தட்டிப் பார்த்துட்டு போன் போட்டுச்சு. போன் உள்ள அடிச்சுதாம். அம்மா சன்னல் வழியா துண்டைப் பார்த்துட்டா, அதான் திறக்கலன்னு அழுதுச்சு. நாங்கதான் சமாதானம் பண்ணி விருந்துல அண்ணன் இடத்துல உக்கார வெச்சோம்."

அதைக் கேட்டு எனக்கு எப்படி இருந்திருக்கும்? உன்னைப் பெற்று வளர்த்து, பல் முளைத்தது முதல் விமானம் ஏற்றிவிட்டது வரை கூடவே இருந்த அம்மா, ஒரு மஞ்சள் நீலத் துண்டைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள் என்று உன்னால் எப்படியடி நினைக்க முடிந்தது? அந்தத் துண்டை இத்தனை வருடம் துவைத்தது யார், மடிப்பு கலையாமல் இஸ்திரி போட்டது யார்? எதிரிப் பேட்டைத் துண்டுக்கு இஸ்திரி போடும் ஒரே நத்தைப் பேட்டைக்காரி என்று என் சொந்தத் தம்பியே கேலி பண்ணினான். மார்ச் மாதம் உன் அப்பாவின் சவப்பெட்டிக்குள் வைக்க அதே துண்டை வீடு முழுக்கத் தேடினேன். கிடைக்காமல் பாவம் புரூனேரோவைப் பிடித்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். அது உன்னிடம் இருந்திருக்கிறது. நீ ஆஸ்திரேலியா கிளம்பியபோது உன் அப்பாதான் எனக்குத் தெரியாமல் உன் பெட்டியில் திணித்துவிட்டிருக்கிறார். அப்பனும் மகளும் கூட்டுச் சேர்ந்து என்னை முட்டாளாக்கினீர்கள். அவர் வைத்துக்கொள்ளச் சொன்னார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என்ன பிடுங்கிக்கொண்டிருப்பேனா?

போன் ஏன் உள்ளே அடித்தது என்று உனக்கு யோசிக்கத் தெரியவில்லையா? பந்தய நாட்களில் உன் அப்பா சும்மா இருப்பாரா? உங்க குதிரை நொண்டுதாமே, உங்க ஜாக்கி எங்ககிட்ட காசு வாங்கிட்டானாமே என்று வேளாவேளைக்குக் கூப்பிட்டு வம்பிழுப்பார். அதற்குப் பயந்துதான் போனைச் சமையலறை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டுப் போவேன். இந்த வருடமும் அப்படியே போட்டுவிட்டுப் போனேன். யார் கூப்பிடப் போகிறார்கள் என்று கேட்பாய். தெரியும். கோபித்துக்கொண்டு போக வீட்டில் ஆள் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த நான்கு நாள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அவர் செத்துப்போனது உண்மையாகிவிடும், இலாரியா. பூட்டிக்கொண்டு போனால், அவர் உள்ளே இருக்கிறார், நான்தான் ரோஷப்பட்டு வந்திருக்கிறேன் என்று இருக்கும். உன் மாமா வீட்டுக் கட்டிலில் அந்த நினைப்போடுதான் தூங்கினேன். நீ வந்து தட்டுவாய் என்று எனக்கு யார் சொன்னார்கள்? பொறுப்பாக ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா, அம்மா நான் வருகிறேன் என்று? அப்பா இல்லாத வீட்டில் படுக்கத் தைரியம் வரவில்லை, அதனால்தான் ஓட்டல் என்று புரூனேரோவிடம் சொன்னாயாம். எனக்கு மட்டும் தைரியம் பொங்கி வழிகிறதா? நான் அங்கேதானே தினம் படுக்கிறேன்?

மற்ற செய்திகளையும் எழுதிவிடுகிறேன், கோபத்தில் மறந்துவிடும். பந்தயத்தில் எங்கள் நத்தைப் பேட்டைக் குதிரை வளைவில் சறுக்கி ஜாக்கியைக் கீழே தள்ளிவிட்டது. ஆமைக்காரர்களும் ஜெயிக்கவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். தக்காளி இந்த வருடம் நன்றாக விளைந்தது, காய்ச்சிப் புட்டிகளில் அடைத்துவிட்டேன், தின்னத்தான் ஆளில்லை. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மாடியில் ஒழுகிய இடத்தைப் புரூனேரோ வந்து பூசிக் கொடுத்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இன்னும் வாய் வரவில்லை. உங்கள் ஊரில் இன்னும் குளிர் விடவில்லை என்று செய்தியில் சொன்னார்கள். கம்பளிச் சட்டை போடாமல் அலையாதே, இருமலோடு ஐஸ் காப்பி குடிக்காதே.

இப்போது நன்றாகக் கேட்டுக்கொள். அடுத்த வருடமும் வீட்டைப் பூட்டிக்கொண்டு நத்தைப் பேட்டைக்குத்தான் போவேன், என்னை மாற்ற நினைக்காதே. நீ வா. ஓட்டல் கீட்டல் என்று ஏதாவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். உன் அப்பாவின் துண்டைக் கழுத்திலிருந்து கழற்ற வேண்டாம். அதைக் கட்டிக்கொண்டே எங்கள் விருந்துக்கு வந்து, எல்லார் முன்னாலும் என் பக்கத்தில் உட்கார். நெட்டா வாயைத் திறக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

கடவுள் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், நினைத்த வேலை கைகூடட்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போன் பண்ணு. போனை இப்போதெல்லாம் மேலங்கிப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு வீட்டுக்குள் இல்லாத
உன் அம்மா,
லோரியானா