ஓடை முனையில் எட்டு கஜம்

ஜூலை 15, சனிக்கிழமை காலை

என் செல்ல மகள் ஷோனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன், பதறாதே. நான் கடிதம் எழுதினால் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் நீ நினைப்பாய் என்று அம்மா பக்கத்தில் நின்று சொல்கிறாள். யாரும் போகவில்லை. போனது நான்தான், அதுவும் பென் டூ மலைக்கு. வியாழக்கிழமை, இந்தப் பொய்க்காலோடு, முழங்காலோடு நிற்கிற கம்பளிக் கில்ட் கட்டிக்கொண்டு போனேன். மறுபடி ஒரு தடவை படித்துக்கொள், நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

ஞாயிறுதோறும் நீ நியூசிலாந்திலிருந்து போன் பண்ணுகிறாய். அம்மா முக்கால் மணி நேரம் பேசிவிட்டு என்னிடம் நீட்டுகிறாள். அங்கே மழையா, இங்கே மழை என்று நாம் இரண்டு பேரும் பேசிவிட்டு வைத்துவிடுகிறோம். மூன்று வருஷமாக இதே கதைதான். இந்தச் சேதியை மழைக்கு நடுவில் திணிக்க முடியாது என்றுதான் காகிதத்தை எடுத்தேன்.

இந்த வருஷம் இங்கே மழை இல்லை என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஒன்பது நாளாகச் சுள்ளென்று வெயில். தபால்காரர் அரைக்கால் சட்டையில் வருகிறார், பார்க்கச் சகிக்கவில்லை. மலையிலிருந்து ஆடு இறக்கும் நாளை ஊருக்குக் குறித்துவிட்டு டார்குல் வழக்கம்போல வீட்டுக்கு வந்தான். பட்டி வாசலில் எனக்கு நாற்காலி போட்டுவிடுவதாகச் சொன்னான். மூன்று வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து, மற்றவர்கள் மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வரும் ஆட்டுக்குக் கதவு திறந்துவிட்டவன் நான். இந்தத் தடவை என்ன பிடித்ததோ தெரியவில்லை, நாற்காலி வேண்டாம், மேலே என் பழைய இடத்தில் நடக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவன் என் காலைப் பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான். சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

சொல்லிவிட்டேனே தவிர, முடியுமா என்று தெரியவில்லை. மறுநாளே தனியாக ஏறிப் பார்த்தேன். இந்தக் காலில் என்ன சிக்கல் என்றால், முட்டுக்குக் கீழே மிச்சமிருக்கிற துண்டு பொய்க்காலின் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. வெயிலில் நடந்தால் கிண்ணத்துக்குள் வியர்த்துக் கொட்டும். அரை மணிக்கு ஒரு தடவை கழற்றி, துடைத்து, உறையை மாற்றி மாட்டவேண்டும், இல்லாவிட்டால் தோல் உரிந்துவிடும். நான் போட்டிருந்ததோ முழுக்கால் சட்டை. அதைக் கணுக்கால்வரை இறக்கிவிட்டு ஒரு பாறையில் உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருக்கும்போது மேலேயிருந்து ஒரு சுற்றுலாக் கூட்டம் இறங்கி வந்தது. பதினொரு பேர். எல்லாரும் மரியாதையாகக் காலை வணக்கம் சொன்னார்கள். நானும் சொன்னேன், வேறு என்ன செய்ய?

வீட்டுக்கு வந்து கதவை அறைந்தேன்.  அம்மா மாடிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து என் கில்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். எட்டு கஜக் கம்பளி தொம்மென்று விழுந்தது. உட்கார்ந்தால் ஒதுக்கிவிட்டுக் காலைச் சரிசெய்துகொள்ளலாம், எழுந்தால் தானே மூடிக்கொள்ளும், இதைவிட என்ன வேண்டும் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. இந்தக் குழாயை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு நடக்கச் சொல்கிறாயா என்று கத்தினேன். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

“ஊருக்கே தெரியும், உங்களுக்கு ஒரு கால் இல்லேன்னு. தெரியாத ஒரே ஆள் நீங்கதான்.”

உன் அம்மாவை உனக்குத் தெரியுமே. கில்டை எடுத்துக் கட்டிக்கொண்டேன். வார் பழைய துளையிலிருந்து இரண்டு துளை தள்ளிப் போயிற்று. மூன்று வருஷம் நாற்காலியில் உட்கார்ந்த பலன்.

ஷோனா, என்ன சுகம் தெரியுமா? எதற்கு நான் மூன்று கோடை முழுக்கால் சட்டையில் வெந்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். காற்று உள்ளே வந்து போகிறது. முழங்கால் ஆழச் சேற்றில் இறங்கி ஏறினால் துணி நனைவதில்லை, கால்தான் நனைகிறது, அதுவும் ஒன்றுதான். பாறையில் உட்கார்ந்து இரண்டே நிமிஷத்தில் காலைக் கழற்றி மாட்டிவிடுகிறேன். தொல்லையும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. புதருக்குள் நடந்தால் உண்ணி ஏறுகிறது. முழங்காலுக்குப் பின்னால் வெயில் பொசுக்கிவிட்டது. ஆனால் பொடிக்கொசுக் கடியில் மற்றவர்களுக்கு இருப்பதில் பாதிதான் எனக்கு. ஒரு சோடி காலுறை வாங்கினால் இரண்டு வருஷம் வரும்.

வியாழன் காலை ஆறு மணிக்கு எல்லாரும் மலையடிவாரத்தில் கூடினோம். பதினான்கு பேர், ஒன்பது நாய். நான் கில்டில் வந்து இறங்கினதும் ஒரு பேச்சு இல்லை. எல்லாரும் வானத்தைப் பார்க்கிறார்கள், நாயைப் பார்க்கிறார்கள், என் காலை மட்டும் யாரும் பார்க்கவில்லை. கடைசியில் டார்குலின் மனைவி எஃபிதான் கிட்டே வந்து குனிந்து நன்றாகப் பார்த்தாள்.

“பளபளன்னு இருக்கே யூவன். அந்த இன்னொரு காலையும் இதே மாதிரி மாத்திக்கயேன், அது ரொம்ப மோசமா இருக்கு.”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கினது போல இருந்தது. அதற்குப் பிறகு மான் வேலியை ஏணிப்படியில் ஏறித் தாண்டும்போது எனக்குப் பின்னால் அவள் வந்துகொண்டிருந்தது நினைவில்லாமல் நான் பாட்டுக்கு ஏறிவிட்டேன். மூன்று வருஷத்தில் இந்த மரியாதையெல்லாம் மறந்துபோயிற்று. உள்ளே என்ன போட்டிருந்தேன் என்று கேட்காதே. அம்மாவின் கட்டாயம், பழைய கால்பந்து நிஜார்.

பதினோரு மணிக்கு மேல்பாறையில் தேநீர் குடிக்க உட்கார்ந்தோம். அங்கிருந்து பார்த்தால் வரிசை முழுக்கத் தெரியும். ஒவ்வொருவரும் அவரவர் வீட்டு இடத்தில். ஓடை முனையில் மட்டும் யாரும் இல்லை. பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவில் அந்தச் சந்து வெறுமையாகக் கிடந்தது. ஆடு அங்கேதான் திரும்பி மேலே ஓடும் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பதினான்கு வயதிலிருந்து அங்கே நின்றவள் நீ.

அங்கே ஏன் ஆள் போடவில்லை என்று டார்குலைக் கேட்டேன். அவன் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அது உங்க வீட்டு இடம்டா. பாப்பா வரமாட்டான்னு நீ ஒரு வார்த்தை சொல்லலையே. நீ சொல்லாம நான் எப்படி வேற ஆளை நிறுத்துறது?”

 ஒரு வீட்டு இடத்தில் அந்த வீட்டார் சொல்லாமல் இன்னொருவர் நிற்கக்கூடாது என்பது இங்கே எந்தக் காலத்து வழக்கம், எனக்குத் தெரியாதா? மூன்று வருஷமாக அந்தச் சந்தில் ஆடு உடைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. மூன்று வருஷமும் ஊரே மறுநாள் மறுபடி மலை ஏறியிருக்கிறது. ஒருத்தர் என்னிடம் சொல்லவில்லை. நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, டார்குலின் நாய்க்கு வயசாகிவிட்டது, அதனால்தான் ஆடு தப்புகிறது என்று அவனையே திட்டியிருக்கிறேன். அதையும் வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறான்.

எழுந்தேன். அந்த இடத்தில் நான் நிற்கிறேன் என்றேன். கல் பாலத்தைச் சுற்றிப் போனால் அரை மணி ஆகும், அதற்குள் ஆடு வந்துவிடும். நேரே ஓடையில் இறங்கினேன். கில்டை ஒரு கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கம்பை ஊன்றி, தண்ணீர் தொடைவரை. மேலே நின்று டார்குல் கத்திய கெட்ட வார்த்தைகளை எழுதினால் தபாலில் வாங்கமாட்டார்கள். கரையேறி, காலைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டி, மறுபடி மாட்டி எழுந்தேன். ஆடு வந்துவிட்டது.

நூற்றைம்பது இருக்கும். முன்னால் வந்தது அந்தக் கறுப்பு மூஞ்சிக் கிழடு, உனக்கு நினைவிருக்கும், அது இன்னும் சாகவில்லை. என்னைப் பார்த்தது, சந்தைப் பார்த்தது. கையை விரித்துக் கத்தினேன். ஒரு காலில் சமாளித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு எவ்வளவு கையை விரிக்க முடியும்? இவனைத் தாண்டிவிடலாம் என்று அது முடிவு பண்ணினது அதன் முகத்திலேயே தெரிந்தது. எனக்கு யோசிக்க நேரமில்லை. வாரை அவிழ்த்தேன், கில்டை உருவினேன், இரண்டு முனையையும் பிடித்துத் தலைக்குமேல் தூக்கி விரித்தேன். காற்று வந்து கொசுவம் அத்தனையும் படபடவென்று பிரிந்து அடித்துக்கொண்டது. கிழடு அப்படியே நின்றது. பின்னால் வந்ததெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. திரும்பின ஷோனா, எல்லாம் திரும்பி ஓடின. நான் கால்பந்து நிஜாரோடும் இந்தக் குழாயோடும் மலைநடுவில் நின்றுகொண்டு, ஊரே பார்க்க, தொண்டை கிழியக் கூவினேன். மூன்று வருஷத்தில் அப்படி நான் கத்தியதில்லை.

பிறகு கில்டைக் கட்டி, பெரிய வீரன்போல ஆட்டுக்குப் பின்னால் இறங்கினேன். பட்டிக்கு வந்த பிறகுதான் அம்மா சொன்னாள், பின்பக்கம் இருக்கவேண்டிய கொசுவத்தை முன்பக்கமாகக் கட்டியிருக்கிறேன் என்று. ஒரு மைல் தூரம் ஒருத்தன் வாயைத் திறக்கவில்லை பார். நம் ஊர்க்காரர்கள் இப்படித்தான், சொல்லவேண்டியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லுவார்கள். நானும் அந்த ஊர்க்காரன்தான். அதனால் இதை எழுதிவிடுகிறேன்.

என் கால் போன அன்றைக்கு, வேலிக் கம்பு இறக்கும்போது டிராக்டரைப் பின்னால் எடுக்கலாமா என்று நீ கேட்டாய். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை கேட்டாய். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் வா, வா என்றேன். சேறு வழுக்கி டிராக்டர் என் கால்மேல் ஏறியது. ஆஸ்பத்திரியில் எல்லாரும் உன்னையே பார்த்தபோது நான் மயக்கத்தில் இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு மயக்கம் இல்லை. நீ பெட்டி கட்டியபோதும் எனக்கு நினைவு தெளிவாகத்தான் இருந்தது. காலைப் பார்த்தாலே எனக்கு வெட்கம், அந்த வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். நீ அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டாய். நீ கேட்டதையும் நான் வா என்றதையும் அம்மாவிடம் நேற்றுதான் சொன்னேன். அவள் இந்தக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள்.

வியாழன் சாயங்காலம் பட்டி வாசலில் டார்குல் கேட்டான், அடுத்த வருஷம் ஓடை முனைக்கு யாரை நிறுத்தட்டும் என்று. அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. வருவதும் வராததும் உன் இஷ்டம். இடம் உன்னுடையது, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் இன்னும் சொல்லவில்லை. எட்டு கஜத்தை விரித்துப் பிடித்தும், மூன்று ஆடு என் பக்கவாட்டில் நழுவி மேலே போய்விட்டன. நீ வெறும் இரண்டு கையை விரித்து நின்ற காலத்தில் ஒன்றுகூடப் போனதில்லை.

நன்றாகச் சாப்பிடு, குளிரில் கம்பளி போட்டுக்கொள். நீ நிற்கிற இடமெல்லாம் உனக்கு நல்லதே நடக்கட்டும். வந்துவிடு, கண்ணே.

உன் வரவை எதிர்பார்த்து,
அப்பா யூவன்