நீ உதறிய சட்டை

உன்னைக் கொன்றது என் காக்கிச் சட்டையில் ஒட்டியிருந்த தூசு. வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்ற ஒரு குழாயடிகூடக் கட்டாமல், அந்தத் தூசோடு என்னை முப்பது வருஷம் வீட்டுக்கு அனுப்பியது கம்பெனி. கடைசிச் சட்டையைப் பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டிப் பரண்மேல் வைத்திருக்கிறேன். "தூக்கிக் கடாசுப்பா" என்கிறான் மகன். மாட்டேன். இன்று மழை ஒழுகியதால் பையைக் கீழே இறக்கினேன். உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எண்ணூரில் கொதிகலன் குழாய்களுக்குக் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், சுற்றுவது என் வேலை. மாலையில் தலையும் மீசையும் வெளுத்து வருவேன். நீ சட்டையை வாங்கிக்கொண்டு சந்துக்குப் போவாய். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, தூசு வீட்டுக்குள் வராதபடி நின்று உதறுவாய்.

"இன்னாக்கா, மாமா மாவு மில்லுக்கா போறாரு?" என்பாள் எதிர்வீட்டுக்காரி.

"இமயமலைக்குப் போறாரும்மே. ஐஸு கொட்டுது பாரு."

வீட்டுக்குள் விடாத தூசை எல்லாம் நீ மூச்சில் வாங்கிக்கொண்டாய்.

சுனாமி வந்த வருஷம் உனக்கு மூச்சிரைத்தது. நெஞ்சில் நீர், டிபி என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை விழுங்கினாய். ஊசியால் நீரை எடுக்க எடுக்க மறுபடி ஊறியது. பெரிய ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது: மீசோதீலியோமா. நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் அபூர்வமாக வரும் புற்றுநோய்.

"இது பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் தூசால வரும். வீட்ல யாராவது அந்த வேலை செய்றாங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

எனக்கு ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. வெளியே வாய் திறந்தால் சீட்டுக் கிழியும் என்று சூப்பர்வைசர் மிரட்டி வைத்திருந்தான். "இல்லீங்க, நான் வாட்ச்மேன்" என்றேன். நீ என்னையே பார்த்தாய்.

வராந்தாவில் கேட்டேன்: "ஏம்மே சும்மா இருந்த?"

"ரெண்டு பேரும் வூட்ல குந்திக்கினா யாருய்யா சோறு போடுவா?"

நீரை வடித்துவிட்டு, நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டிக்கொள்ள உள்ளே டால்க் பவுடர் செலுத்தினார்கள். "பவுடரால வந்தத பவுடர் போட்டே அடைக்கிறாங்களா?" என்று சிரிக்கப் போய் இருமினாய். குணமாகாது, நாளைக் கொஞ்சம் நீட்டலாம் என்று சொல்லித்தான் கீமோ ஏற்றினார்கள். மூன்றாவது தடவையோடு "போதும்யா" என்றாய். கடைசியில் மார்ஃபின்தான் உன்னைத் தூங்க வைத்தது.

நீ போன பிறகு கம்பெனிக்கு மனு எழுதினேன். என் பொண்டாட்டி அவர்கள் தொழிலாளி இல்லை, ஆஸ்பத்திரிக் காகிதத்திலும் கல்நார்த் தொடர்பு இல்லை என்று பதில் வந்தது. அந்த இரண்டாவது காரணம், நான் சொன்ன பொய்யால் வந்தது.

கம்பெனி குழாயடி கட்ட வேண்டும். வேலைத் துணியை அங்கேயே துவைக்க வேண்டும். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர், தொழிலாளிகளின் மனைவிமார்களுக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி உத்தரவு போட வேண்டும். நெஞ்சில் நீரோடு வரும் பெண்ணிடம், வீட்டுக்காரர் சட்டையை யார் துவைக்கிறார்கள் என்று டாக்டர்கள் கேட்க வேண்டும். நான் திங்கட்கிழமை இந்தப் பையோடு டாக்டரம்மா முன் நின்று, வாட்ச்மேன் இல்லை என்று சொல்லி, உன் கோப்பில் அந்த ஒரு வரியை மாற்றி எழுத வைக்க வேண்டும்.