அப்பாவின் இரங்கல் சுவரொட்டி

மார்ச் 4, திங்கள்
பள்ளி ஆசிரியர் குடியிருப்பை ஜூலைக்குள் காலி செய்யச் சொல்லி இரண்டாவது கடிதம். போவதற்கு இடம் இல்லாமல் இல்லை. அப்பா என் பெயருக்கு எழுதிவைத்த வீடு இதே ஊரில் பன்டாமா பகுதியில் இருக்கிறது. அதில் பத்தொன்பது வருடமாக அசியாமா என்பவர் வாடகைக்கு இருக்கிறார். ஆறு மாத நோட்டீஸ் முடிந்தும் நகரவில்லை. ஏப்ரல் 11 விசாரணை.

மார்ச் 9
வக்கீல் அடோமாகோ அம்மா கேட்டவை: நோட்டீஸ், அசியாமா அதை வாங்கிக்கொண்ட கையெழுத்து, ஒப்பந்தம், உயில், அப்பா இறந்ததற்குச் சான்று. எல்லாம் மூன்று நகல்.
"கோர்ட்ல அழுதுடாதீங்க மேடம்."
நான் அழுவதில்லை என்றேன். அதையும் அங்கே சொல்ல வேண்டாம் என்றார்.

மார்ச் 20
இறப்புச் சான்றிதழைக் காணோம். பதிவு அலுவலகத்தில் தேடுகிறார்கள். அதுவரைக்கும் அப்பாவின் இரங்கல் சுவரொட்டியை வக்கீலிடம் கொடுத்தேன். வீட்டில் ஐந்து இருக்கிறது. எங்கள் குமாசி நகரில் பிறப்பைவிட இறப்பை நன்றாக அச்சடிக்கிறோம்.

ஏப்ரல் 3
வக்கீல் தொலைபேசியில்: "மேடம், போஸ்டரைப் படிச்சீங்களா?"
படத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்.
'பிள்ளைகள்' வரிசையில் நான்காவதாக நம் வாடகைக்காரர் கிளெமென்ட் அசியாமா. நாங்கள் மூன்று பேர்தான்.
எதிர்த்தரப்புக்கும் நகல் போய்விட்டது. நானே கொடுத்தது. பிள்ளை என்று பங்கு கேட்டால் வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். ஜூலையில் நான் எங்கே போவது?
சித்தப்பாவிடம் கேட்டேன்.
"நாந்தான் போடச் சொன்னேன். கடைசி ரெண்டு மாசம் உங்கப்பனைக் குளிப்பாட்டுனது யாரு, நீயா?"
அந்த இரண்டு மாதமும் நான் இங்கே தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 11
நீதிபதி அம்மா சுவரொட்டியைக் கடைசி வரி வரை படித்தார்.
"யாருப்பா இந்த நாலாவது பிள்ளை?"
அசியாமா எழுந்தார். "நாந்தாங்கம்மா. ஆனா வாடகைக்காரன். அது பெரியவங்க மரியாதைக்குப் போட்டது."
"அப்புறம் ஏன் காலி பண்ணல?"
"காகிதம்தான் வந்துச்சு. நேர்ல வந்து யாரும் ஒரு வார்த்தை சொல்லலீங்க."
மூன்று மாத அவகாசம். ஜெயித்துவிட்டோம் என்றார் வக்கீல்.
உண்மையைச் சொல்லுன்னு இந்த மனுஷனை யாரு கேட்டா?

ஜூலை 14
குடிவந்தாயிற்று. அசியாமா சுவருக்கெல்லாம் வெள்ளையடித்துவிட்டுப் போயிருக்கிறார்.
எதிரே வாழைக்காய் சுட்டு விற்கும் பெண் கேட்டாள்: "உங்க தம்பி எங்கக்கா? ஆளையே காணோம்."
வேலையாகத் தக்கொராடி போயிருக்கிறான் என்றேன். கிறிஸ்துமஸுக்கு வருவான் என்றும் சொல்லிவிட்டேன்.