காக்காவுக்கு நான் வாங்கிய டோச்

புதன்கிழமை, இஷா தொழுகைக்குப் பிறகு.

சட்டைப் பையில் அடங்கும் டோச் ஒன்று இன்று கல்முனையில் வாங்கினேன். காக்கா யானை அடித்து மவுத்தாகி இருபது நாள். எனக்கு மூத்தவர், என் ஒரே கூடப்பிறந்தவர். சாகாமத்து வயலில் அவர் பார்த்த யானைக் காவலுக்கு நாளை முதல் நான்தான் போக வேண்டும்.

கடைக்காரர் ஆகக் கூர்மையான வெளிச்சமுள்ளதை எடுத்துக் காட்டினார்.

“கேம்பிங் போற பொடியன்மார் எல்லாம் இதத்தான் கொண்டு போறாங்க தம்பி.”

“காலடி தெரிஞ்சா போதும் முதலாளி.”

“வெளிச்சம் குறைஞ்சதக் கேட்டு வந்த முதல் ஆள் நீதான்!” என்று சிரித்தார்.

காக்காவுக்கு நான் வாங்கிக் கொடுத்தது அந்தக் கூர்மையானதைத்தான். முகத்தில் அடித்தால் யானை ஓடிவிடும் என்று சொன்னவனும் நான். அந்த வெளிச்சத்தைப் பார்த்தே யானை ஓடி வந்ததாகப் பக்கத்து வயல்காரர் என்னிடம் மட்டும் சொன்னார். இரண்டு போகமாக அறுந்து கிடக்கும் மின்வேலியைக் கட்டாத அதிகாரிகள் ஜனாஸா அடக்கத்துக்கு மட்டும் தவறாமல் வந்தார்கள். அவர்களை எவ்வளவு ஏசினாலும் என் பங்கு குறையவில்லை.

உம்மா புது டோச்சைக் கையில் வாங்கி எரியவிட்டுப் பார்த்தார்.

“யான வந்தா மூஞ்சில நல்லா அடி மகன். காக்கா அடிக்காமத்தான் நிண்டிருப்பான்.”

“ஓம் உம்மா” என்றேன்.