மரு எந்தப் பக்கம்

சென்னை, 12.8.1971

அன்புள்ள சண்முகவடிவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

ஓவியப் பள்ளியில் என் முகத்தையே வரையச் சொன்னார்கள். கண்ணாடி பார்த்து அளந்து வரைந்தேன். கூடப் படிக்கும் பந்தல்குடி பொன்ராஜ், "அய்யா, இவுக யாரு, உங்க தம்பியா?" என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆசிரியர் சிரிக்கவில்லை. கண்ணாடியில் இடம் வலம் மாறிவிடுமாம்; பிறர் பார்க்கும் முகத்தை அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் வரையாவிட்டால் அடுத்த வகுப்பு கிடையாதாம்.

கன்னத்து மருவை இடம் மாற்றி வரைந்தேன்; எனக்கே அந்நியமாக இருக்கிறது. ஓய்வு பெற்றபின் படிக்க வந்தது தப்போ என்னவோ.

நீ எதிரே உட்கார்ந்தால் மரு எந்தப் பக்கம் தெரியும்? பேசும்போது என் வாய் கோணுமா? உடனே எழுது. எழுதிப் புரியவைக்க முடியாதென்றால், சிரமம் பாராமல் மதுரையில் ரயிலேறி வந்து, பார்த்துச் சொல்லேன். தெருவில் தபால்காரர் தபால் பெட்டியைத் திறக்கிறார்; முடிக்கிறேன்.

உன்,
சௌந்தரபாண்டியன்