பாப்பாவின் வீட்டைத் தரையில் நிறுத்தியது

நவ. 12, வியாழன்

மழை இல்லை. காற்று மட்டும், கடல் பக்கமிருந்து. ஆபீஸுக்கு லீவு.

காரணம்: நேற்று மாலை பாப்பாவின் விளையாட்டு வீடு நகர்ந்தது. உள்ளே பாப்பா. இரண்டடி இருக்கும். பயப்படவில்லை. ஜன்னலில் தலையை நீட்டி, "அப்பா, வூடு நடக்குதுப்பா!" அடுத்த காற்றில் ஒரு பக்கம் தூக்கியது. சரோஜா ஓடிப்போய்ப் பிள்ளையை வெளியே இழுத்தாள். பிள்ளைக்கு முழங்கையில் சிராய்ப்பு. தாய் இரவு சாப்பாடு வரை அவளை மடியிலிருந்து இறக்கவில்லை.

வீடு என்பது, துறைமுகத்தில் ஏதோ இயந்திரம் வந்திறங்கிய மரப்பெட்டி. தச்சர் கதவும் கூரையும் வைத்தார். 'இந்தப் பக்கம் மேலே' என்று காட்டும் அம்புக்குறி ஒரு சுவரில் இருக்கிறது. தரையைக் காட்டுகிறது. தோட்டம் என்பது ஒரு வேப்பமரம், ஒரு முருங்கை, மீதி மணல். திருவொற்றியூரில் இதற்கு மேல் தோட்டம் கேட்பது பேராசை.

சரோஜாவின் தீர்ப்பு: "ஒண்ணு, அசையாம நிறுத்துங்க. இல்ல, உடைச்சு விறகாக்குங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் டைம்."

பாப்பா அழவில்லை. கதவுக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். ஆக்கிரமிப்பு அகற்ற வந்தவர்களைப் பார்க்கும் குடும்பத் தலைவி போல. வயது ஆறு.

நவ. 13, வெள்ளி

தூறல். இரும்பு ஆப்பு நான்கு, நைலான் கயிறு. மணலில் ஆப்பு சுலபமாக இறங்குகிறது. அதே சுலபத்துடன் வெளியே வருகிறது. பாப்பா ஒரு கையால் பிடுங்கிக் காட்டினாள்.

மதில் மேல் கை வைத்து, பக்கத்து வீட்டு தயாளன். ஃபிட்டர். கருத்து இல்லாத விஷயம் அவருக்குக் கிடையாது.

"இன்னா சார், கொடி ஏத்தப் போறியா? ஆப்பெல்லாம் நிக்காது. கான்கிரீட் போடு. பூகம்பமே வந்தாலும் ஆடாது."

"இங்கே பூகம்பம் வராது, தயாளன்."

"வந்தா?"

சிமென்ட் வாங்கினேன்.

நவ. 15, ஞாயிறு

மூலைக்கொரு குழி, முழங்கால் ஆழம். இரும்புப் பட்டையின் ஒரு முனை குழிக்குள், மறுமுனை மரச்சட்டத்தில், போல்ட் போட்டு. பிள்ளை கையில் குத்தாமலிருக்க முனைகளை அரத்தால் தேய்த்தேன். அடியில் தண்ணீர் தேங்காமலிருக்கச் சுற்றிலும் செங்கல் மேடை, மேலே பூச்சு. மிஞ்சிய சிமென்டில் தயாளன் யாரும் கேட்காமலே வாசலுக்கு ஒரு படி வைத்தார்.

வெயிலில்லாத நாளில் கான்கிரீட் காயுமா என்று கவலை. சாயங்காலம் லேசாகத் தோளால் முட்டினேன். அசையவில்லை. சரோஜாவும் முட்டினாள். "சரி, இருக்கட்டும்."

பாப்பா அழுதது அப்போதுதான்.

நவ. 17, செவ்வாய்

துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருப்பதாக வானொலி. முருங்கை ஒரு கிளையை இழந்தது. பால்காரர் வரவில்லை.

பாப்பா வீட்டுப் படியில் மஞ்சள். நடுவில் குங்குமம். கதவிடுக்கில் வேப்பிலைக் கொத்து. யார் வேலை? பாப்பா இல்லையாம். சரோஜாவும் இல்லையாம்.

யோசித்தேன். ஆடிக்கொண்டிருந்தவரை அது பெட்டி. வேப்பமரத்தடியில், மேடையில், படி வைத்து, குனிந்து நுழையும் வாசலோடு ஆடாமல் நின்றதும், அது என்னவென்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. கட்டியவனுக்குத்தான் தகவல் வரவில்லை.

நவ. 20, வெள்ளி

புயல் நேற்று ஓய்ந்தது. எதிர்வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை தெருவில். பாப்பா வீடு நின்ற இடத்தில். என் பெருமை காபி ஆறும்வரை.

ஜன்னலில் பார்க்கிறேன், படியில் கற்பூரம் எரிகிறது. மரச்சுவருக்கும் அதற்கும் ஒரு சாண். உள்ளே பாப்பா, பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டு. அந்த வீட்டுக்கு ஒரே வாசல்.

ஓடினேன். வாளித் தண்ணீரை அப்படியே ஊற்றினேன். படிக்கு முன்னால் கும்பிட்டு நின்றவள் காசியம்மா. தினமும் எங்கள் வேப்பமரத்தடியில் கூடையை இறக்கி மீன் அரிந்து தருபவள். சேலையெல்லாம் தண்ணீர்.

"இன்னா நைனா, ஆத்தா மூஞ்சில தண்ணிய ஊத்திக்கினு!"

"ஆத்தா இல்லம்மா, உள்ளே என் பொண்ணு."

குனிந்து பார்த்தாள். பாப்பா கையில் பொம்மையோடு திரும்பிப் பார்த்தாள். காசியம்மா படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ கண்ணு. உள்ள நீ கீறது தெரியாதே."

பிறகு என்னிடம்: "திங்கக்கெழம கடலுக்குப் போன எம் புள்ள நைனா. நேத்துதான் கரைக்கு வந்தான். அந்தக் காத்துல எல்லாம் பறக்குது, இது மட்டும் ஆடல. ஒங்க வாசல்ல நின்னு பாத்துக்கினே இருந்தேன். இது நின்னா அவனும் வந்துருவான்னு."

நான்கு போல்ட் என்று சொல்ல நினைத்தேன். உள்ளே போய்ச் சரோஜாவின் சேலை ஒன்றை எடுத்துவந்து கொடுத்தேன்.

நவ. 21, சனி

மேகம். சரோஜா: "நெருப்பு வைக்கிற வாசலுக்குள்ளே என் பிள்ளையை விட மாட்டேன்." நியாயம். மேடையை உடைத்துவிடலாமா என்று தயாளனிடம் கேட்டேன்.

"இனிமே ஒடைக்க முடியாது சார்."

"அவ்வளவு பலமா?"

"கான்கிரீட்ட சொல்லல."

காசியம்மா வந்தாள். கையில் கற்பூரம், முகத்தில் தயக்கம். பாப்பா ஜன்னலிலிருந்து:

"இங்க நெருப்பு வெக்கக் கூடாது ஆயா. மரம். புடிச்சுக்கும்."

"அப்ப ஆத்தாவ எங்க குந்த வெக்கறது?"

பாப்பா யோசித்தாள். வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், மதிலோரம் கையைக் காட்டினாள். "அங்க. மணலு. நல்லா காத்து வரும்."

"வூட்டுக்காரம்மா சொன்னா சரிதான்!" காசியம்மா சிரித்தாள். தயாளன் மதிலேறிக் குதித்து ஒரு செங்கல்லை நட்டார். மஞ்சள், குங்குமம், வேப்பிலை எல்லாம் இடம் மாறின. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

நவ. 22, ஞாயிறு

நல்ல வெயில். ஈரத்தில் மரம் உப்பியிருக்கிறது. நான்கு போல்ட்டையும் இறுக்கினேன். ஒரு பட்டையில் துரு தொடக்கம். பெயின்ட் வாங்க வேண்டும். படியில் கற்பூரக் கரி, தேய்த்தும் போகவில்லை.

பாப்பா உள்ளே. செருப்பு படிக்குக் கீழே, ஜோடியாக. இதுவரை மணலோடுதான் ஏறுவாள். நான் சொல்லவில்லை, சரோஜாவும் சொல்லவில்லையாம். வீடென்றால் கழற்றுவது சரி. கோயிலென்றாலும் சரி. எது என்று அவளையே கேட்டுவிடலாமென்று படியில் கால் வைத்துக் குனிந்தேன்.

"அப்பா, செருப்பு" என்றாள்.