முப்பத்தொன்றாம் இடம்

12.8.1988, வெள்ளி

நாட்டின் பெரிய கம்பெனிகளின் வருடாந்தரப் பட்டியலில் எங்கள் கம்பெனி முப்பத்தொன்றாம் இடத்துக்கு ஏறிவிட்டது. ஆபீசில் கேக் வெட்டினார்கள். என் துண்டைத் தொடாமல் வைத்துவிட்டேன். காப்பார் ரப்பர் எஸ்டேட்டை விற்று வந்த பணத்தையும் வருமானத்தில் சேர்த்துக் காட்டியதால் வந்த இடம் அது. மேனேஜர் சொல்லி, கணக்கில் அதைச் சேர்த்தது நான்தான். அங்கே இருப்பவர்களுக்கு, வீட்டைக் காலி செய்யச் சொல்லி, அடுத்த மாதம்தான் நோட்டீஸ் போகும். அதுவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாதாம்.

சாயங்காலம் அந்த எஸ்டேட் கடையிலிருந்து அண்ணன் போன் செய்தார். முப்பது வருசமாக அங்கே பால் மரம் வெட்டுகிறவர்.

"நம்ம கம்பெனி பேரு பேப்பர்ல வந்திருக்கு லா! வெட்டி எடுத்து வீட்டுச் சுவத்துல ஒட்டிட்டேன். நல்ல பசைடா, பத்து வருசமானாலும் பிய்யாது."

"சரிண்ணே" என்றேன்.